ஷார்த்ர் பேராலயத்தைக் கைடோடு சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஐஃபெல் கோபுரம், லூவ்ர் எல்லாம் முடித்துவிட்டு "வேற எங்க போகலாம்?" என்று கேட்டால் நான் ஷார்த்ருக்குத்தான் கூட்டிப்போவேன். புதுச்சேரியிலிருந்து வந்த சித்தப்பா, லண்டனிலிருந்து வந்த மச்சான் குடும்பம், அலுவலக நண்பர்கள் என்று எத்தனை பேரோடு போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆனால் ரயிலில் கேட்கிற கேள்வி, வாசலில் கேட்கிற கேள்வி, திரும்பி வரும்போது கேட்கிற கேள்வி மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

"பாரிஸ்லயே நோத்ர்தாம் பேராலயம் இருக்கு. அதை விட்டுட்டு அவ்வளவு தூரம் ஏன் போகணும்?"

தூரம் அவ்வளவு இல்லை. மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஊர் வருவதற்கு முன்பே கோதுமை வயலுக்கு மேலே இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியும், அதற்காகவே நான் ஜன்னலோர இருக்கை பிடிப்பேன். நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

போக வேண்டிய காரணம் கண்ணாடி. நோத்ர்தாமில் மூன்று பெரிய ரோஜா ஜன்னல்களை (பூ இதழ் விரிந்தது போன்ற வட்ட ஜன்னல்கள்) தவிர பழைய வண்ணக் கண்ணாடியில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது, இப்போது இருப்பவை பின்னால் வைத்தவை. ஷார்த்ரில் 176 ஜன்னல்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பான்மை 12, 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய வெளிச்சத்துக்குள் நிற்பது போல இருக்கும். ஐரோப்பாவில் இந்த அளவுக்கு முழுமையாக மிஞ்சியிருக்கிற இடம் வேறு இல்லை என்றே சொல்லலாம். யுனெஸ்கோ 1979-லேயே இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது.

"கைடு அவசியமா? நாமே சுத்திப் பார்த்துட்டு வந்துடலாமே."

வரலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன், ஒரு பேருந்துச் சுற்றுலாவோடு போய், நாற்பது நிமிடத்துக்குள் எல்லாம் பார்த்து முடித்து, "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரும்பினேன். என்ன பார்த்தேன் என்று அடுத்த வாரம் யாரோ கேட்டபோது ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் தடவை கைடோடு போனேன். அவர் ஒரே ஒரு ஜன்னலுக்கு முன்னால் எங்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். அந்த ஒன்று இன்றைக்கும் மனப்பாடமாக நினைவில் இருக்கிறது.

மால்கம் மில்லர் என்ற ஆங்கிலேயர் 1958-இல் இங்கே கைடாக ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கும் மேல் இதே வேலையைச் செய்தார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஜன்னலை எடுத்துப் பேசுவார், அதனால் திரும்பத் திரும்ப வந்து கேட்டவர்கள் உண்டு. இந்த இடத்துக்குக் கைடு எதற்கு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எழுத்துத் தெரியாத மொழியில் ஒரு பெரிய நூல் உங்கள் முன்னால் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒருவர் விரல் வைத்து வாசித்துக்காட்ட வேண்டும்.

"டிக்கெட் எவ்வளவு? முன்னாடியே பதிவு செய்யணுமா?"

பேராலயத்துக்குள் போகக் காசு கிடையாது. கைடோடு சுற்றுவதற்கும் நிலவறைக்கும் கோபுரத்துக்கு மேலே ஏறுவதற்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு. பெரும்பாலான சுற்றுகள் பிரெஞ்சில் நடக்கும், ஆங்கிலத்தில் குறைவு. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்புவதற்கு முன் ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது.

"நாங்க கிறிஸ்தவங்க இல்லையே, உள்ளே விடுவாங்களா? செருப்பைக் கழட்டணுமா?"

யாரையும் யாரும் கேட்கமாட்டார்கள். செருப்பு போட்டுக்கொண்டே போகலாம், தொப்பி இருந்தால் ஆண்கள் கழற்றிவிடுவது மரியாதை. இது அருங்காட்சியகம் ஆகிவிடவில்லை, இன்றும் தினசரி வழிபாடு நடக்கிற கோவில். அதனால் மெழுகுவர்த்தி ஏற்றி முட்டிபோட்டிருக்கிறவர்களை நேருக்கு நேர் போட்டோ எடுக்காதீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஜூலை மாதமே ஆனாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே கல் குளிரும்.

"கோதிக்னா என்ன? நம்ம சாந்தோம் கோவிலும் கோதிக்னுதானே சொல்றாங்க?"

சாந்தோம் 1896-இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. அது புதுகோதிக், அதாவது பழைய பாணியைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. புதுச்சேரி இருதய ஆண்டவர் ஆலயமும் அந்த வகைதான். ஷார்த்ர் அந்தப் பாணி பிறந்து வளர்ந்த காலத்தைச் சேர்ந்தது. 1194-இல் ஒரு பெரிய தீயில் பழைய ஆலயம் எரிந்துபோக, இருபத்தைந்து முப்பது வருடத்துக்குள் முக்கியக் கட்டடத்தை எழுப்பிவிட்டார்கள். 1260-இல் அரசர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் அர்ச்சிப்பு, அதாவது கோவிலைப் புனிதப்படுத்தும் சடங்கு, நடந்தது. இவ்வளவு வேகமாகக் கட்டியதால்தான் உள்ளே போனதும் முழுக் கட்டடமும் ஒரே கை போட்டது போல இருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

கண்ணால் அடையாளம் காண வேண்டுமென்றால் மூன்றைப் பாருங்கள்: கூர்முனை வளைவு, கூரையின் அடியில் விலா எலும்பு போல ஓடுகிற கல் நரம்புகள், வெளியே சுவரைத் தாங்கி நிற்கிற அரைவளைவுகள்.

"சுவர் முழுக்கக் கண்ணாடியா வச்சிருக்காங்க, 37 மீட்டர் உயரக் கூரை எப்படி விழாம நிக்குது?"

நம் ஊர்க் கல் மண்டபத்தில் தூண் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பலகைக்கல். பாரம் நேராகக் கீழே இறங்கும், அதனால்தான் தூண்கள் நெருக்கமாக இருக்கின்றன. வளைவுக் கூரை அப்படி இல்லை, அது பாரத்தைக் கீழேயும் இறக்கும், பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளுகிற ஆள் மாதிரி. முன்பெல்லாம் அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவரையே தடியாகக் கட்டினார்கள், ஜன்னல் சின்னதாகிவிட்டது, உள்ளே இருட்டு.

கோதிக் கொத்தனார்கள் கல் நரம்புகளை வைத்து அந்தத் தள்ளலைச் சில புள்ளிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தார்கள். அதுதான் மேலே சொன்ன அரைவளைவு. சாய்கிற வாழைக்குக் கம்பு ஊன்றுவது போலத்தான். முட்டு வெளியே போனதும் நடுவில் இருக்கிற சுவருக்கு வேலை குறைந்துவிட்டது, அதைத் திறந்து கண்ணாடி வைத்தார்கள். உள்ளே பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள், ஒரு தடவை வெளியே தெற்குப் பக்கமாக நடந்து அந்த முட்டுகளைப் பாருங்கள். சக்கரத்தின் ஆரக்கால் போலச் சின்னச் சின்னத் தூண்கள் வைத்துச் செய்திருக்கிறார்கள். கல் எல்லாம் பெர்ஷேர் என்ற பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் வந்தது.

"ரெண்டு கோபுரமும் ஏன் ஒண்ணுபோல இல்ல? காசு பத்தலையா?"

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். வலது பக்கம் இருக்கிற எளிமையான கூம்பு 12-ஆம் நூற்றாண்டுடையது, சுமார் 105 மீட்டர். 1194 தீக்கு அது தப்பித்தது. இடது பக்கத்தில் மரத்தாலான கூம்பு இருந்தது, 1506-இல் இடி விழுந்து எரிந்தது. ஷான் த போஸ் என்ற கொத்தனார் 1507 முதல் 1513 வரை கல்லில் புதிதாகக் கட்டினார், சுமார் 113 மீட்டர். அவர் காலத்தில் பாணியே மாறிவிட்டதால் அது ஜரிகை வேலை போலப் பின்னிக்கொண்டு போகிறது. முன்னூற்றைம்பது வருட இடைவெளியை ஒரே முகப்பில் பார்க்கிறீர்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பழைய, ஒன்றுமே இல்லாத கூம்புதான்.

"வாசல்ல இருக்கிற சிலைங்க ஏன் இப்படி ஒல்லியா நீட்டமா இருக்கு?"

மேற்கு வாசலை அரச வாசல் என்பார்கள், 1145-ஐ ஒட்டிச் செதுக்கியது, அதுவும் தீக்குத் தப்பியது. அந்த உருவங்கள் தூண்களாகவே நிற்கின்றன, பழைய ஏற்பாட்டு அரசர்களும் அரசிகளும் என்று கருதப்படுகிறவர்கள். உடம்பு தூணுக்குக் கட்டுப்பட்டு நீண்டிருக்கிறது, முகம் மட்டும் மனித முகமாக அமைதியாகப் பார்க்கிறது. கைடு வலது வாசலின் வளைவைக் காட்டாமல் நகர்ந்தால் கேளுங்கள். அந்தக் காலப் படிப்பின் ஏழு கலைகளை ஏழு பெண்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், இசை என்பவள் மணிகளைத் தட்டுகிறாள், தர்க்கத்துக்குக் கீழே அரிஸ்டாட்டில் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டிருக்கிறார். மாதா கோவில் வாசலில் அரிஸ்டாட்டிலுக்கு என்ன வேலை என்றால், அந்தக் காலத்தில் ஷார்த்ரின் பள்ளி ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்றது. இடது வாசலில் ராசிகளும் மாதாமாத விவசாய வேலைகளும் இருக்கின்றன. மேஷம், ரிஷபம் என்று நம் ஆட்கள் விரல் விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஜன்னலைப் பார்த்தா ஒரே கலரா இருக்கு, ஒண்ணும் புரியல. எங்கேர்ந்து பார்க்கணும்?"

கீழேயிருந்து மேலே. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. பொதுவாகக் கீழ் வரிசையில் இடமிருந்து வலம், அப்புறம் அதற்கு மேல் வரிசை, இப்படி உச்சிவரை. சிறிய தொலைநோக்கி ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மேலே இருப்பதெல்லாம் புள்ளிதான்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல சமாரியன் ஜன்னலைத்தான் நான் காட்டுவேன். உள்ளே போனதும் வலது, அதாவது தெற்குப் பக்க நடைபாதையில் இருக்கிறது. அடியில் செருப்புத் தைக்கிறவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அதற்கு மேலே இயேசு சொன்ன கதை: ஒருவன் எருசலேமிலிருந்து கிளம்புகிறான், மரத்துக்குப் பின்னால் கள்வர்கள் காத்திருக்கிறார்கள், அடித்துத் துணியை உருவிக்கொண்டு போகிறார்கள், குருவும் ஆலய ஊழியனான லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள், வேற்று இனத்தானான சமாரியன் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். கதை ஜன்னலின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே திடீரென்று ஆதாமைப் படைக்கிறார் கடவுள்! ஏவாள், பாம்பு, பழம், தோட்டத்தை விட்டு வெளியேற்றம் எல்லாம் வருகிறது.

இங்கேதான் கைடு நிறுத்தி "ஏன் இரண்டு கதை?" என்று கேட்பார். அடிபட்டுக் கிடப்பவன்தான் ஆதாம். எருசலேமை விட்டுப் போனவனும் ஏதேனை விட்டுப் போனவனும் ஒருவனே. சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. புனித அகுஸ்தினார் போன்ற பழைய திருச்சபை அறிஞர்கள் சொல்லிவந்த விளக்கம் இது, அதைக் கண்ணாடியில் மேலும் கீழுமாக அடுக்கிவிட்டார்கள். என் சித்தப்பா பக்தி அதிகம் இல்லாதவர், இதைக் கேட்டுவிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பித் தரவே இல்லை.

"செருப்புத் தைக்கிறவங்க எல்லாம் அவ்வளவு காசு குடுத்தாங்களா?"

நல்ல கேள்வி. நாற்பதுக்கும் மேற்பட்ட ஜன்னல்களில் இப்படித் தொழிலாளிகள் வருகிறார்கள். ரொட்டி சுடுகிறவர், வண்டிச்சக்கரம் செய்கிறவர், திராட்சை மது ஏற்றிப்போகிறவர், பழைய பேரரசர் சார்லமேனின் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் தோல் அங்கியை விரித்து வாடிக்கையாளருக்குக் காட்டுகிற வியாபாரி. இவர்கள் சங்கமாகச் சேர்ந்து கொடுத்த நன்கொடை என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள், பல கைடுகள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அத்தனை சங்கங்கள் முறையாக இருந்தனவா, தாங்களாகவே கொடுத்தார்களா, அல்லது காணிக்கையும் வரியும் வாங்கிய குருமார் அவர்களை வரையச் சொன்னார்களா என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் இருக்கிறது. எது உண்மையானாலும், அரசர்களை வைக்கிற இடத்துக்கு அடியில் கைவேலைக்காரன் தன் உளியோடும் ஊசியோடும் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

அரசர்களும் இல்லாமல் இல்லை. வடக்கு ரோஜா ஜன்னலைச் சுற்றிப் பாருங்கள், பிரெஞ்சு அல்லி மலரும் காஸ்டீல் நாட்டுக் கோட்டையும் மாறி மாறி வரும். ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் அரசியின் அடையாளம் அது.

"அந்த ஷார்த்ர் நீலம்கிறாங்களே, அது எங்கே? மேகமா இருந்தா போறது வீணா?"

தெற்குக் கையை (சிலுவை வடிவக் கட்டடம் பக்கவாட்டில் நீளும் பகுதி) தாண்டி பீடத்தைச் சுற்றும் பாதையில் திரும்பியதும் 'அழகிய ஜன்னலின் மாதா' இருக்கிறாள். மாதாவும் மடியில் குழந்தையும் இருக்கிற நடுப்பகுதி 1180 வாக்கில் செய்தது, தீக்குத் தப்பியது. சுற்றியிருக்கிற தேவதூதர்கள் 13-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். அதனால் மாதாவின் ஆடையிலிருக்கிற நீலமும் பக்கத்து நீலமும் வேறு வேறு, நின்று பார்த்தால் தெரியும். மாதாவின் நீலம் வெளிறி, பாலில் கலந்த வானம் போல. மேற்குச் சுவரில் ரோஜாவுக்குக் கீழே இருக்கிற மூன்று நீள ஜன்னல்களிலும் அந்தப் பழைய நீலம் உண்டு. கோபால்ட் சேர்ப்பதால் வருகிற நிறம் அது.

மேகமாக இருந்தால் வீணாகாது. மங்கிய வெளிச்சத்தில் நீலம் மெதுவாக எழுந்துவரும், கண் பழகக் கால்மணி நேரம் கொடுங்கள். வெயில் இருந்தால் மேற்கு ஜன்னல்களைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"தரையில இருக்கிற வட்டத்துல நடக்கலாமா?"

தரைக்கல்லில் பதித்த சுற்றுப்பாதை அது. நடக்கலாம், ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். மற்ற நாட்களில் நாற்காலி போட்டு மூடியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கி நவம்பர் 1 வரை பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள். குறுக்களவு கிட்டத்தட்ட 13 மீட்டர், பாதையின் நீளம் 260 மீட்டருக்கு மேல். வழி தவறவே முடியாது, முட்டுச்சந்து கிடையாது, ஒரே பாதைதான் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகிறது. நடுவில் இருந்த உலோகத் தகட்டைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உருக்கக் கொண்டுபோய்விட்டார்கள், ஆணிகளின் அடையாளம் இன்னும் இருக்கிறது. முன்னால் போகிறவர் மெதுவாக நடந்தால் முந்தாதீர்கள்.

"மாதாவோட ஆடை இங்கே இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

876-இல் சார்லமேனின் பேரன் சார்ல் அரசர் கொடுத்த திருப்பண்டம் அது, இயேசு பிறந்தபோது மாதா அணிந்திருந்தது என்பது நம்பிக்கை. சட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பேழையைத் திறந்தபோது நீளமான துணி இருந்தது. அதை உடுத்தியவர் யார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1194 தீயில் அதுவும் போய்விட்டது என்று ஊரே அழுதுகொண்டிருக்க, சில நாள் கழித்து நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்களாம், மாதாவுக்கு இன்னும் பெரிய கோவில் வேண்டும்போல என்று ஊர் எடுத்துக்கொண்டது. கோதிக் பற்றிய கேள்வியில் சொன்ன அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு பதில்.

"உள்ளே வெள்ளையடிச்சுக் கெடுத்துட்டாங்களாமே? கருப்பு மாதாவையும் வெள்ளையாக்கிட்டாங்களாம்?"

இதைச் சண்டை போடுவது போலவே கேட்பார்கள். 2009 வாக்கில் தொடங்கிய பெரிய சீரமைப்பில் நூற்றாண்டுக் கணக்கான புகையையும் தூசியையும் எடுத்தார்கள். அடியில் 13-ஆம் நூற்றாண்டுச் சாந்துப்பூச்சு, காவிகலந்த மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்டது, பெருமளவு மிச்சமிருந்தது. அதைத்தான் வெளிக்கொண்டுவந்து விடுபட்ட இடங்களை நிரப்பினார்கள். கட்டியவர்கள் பார்த்தது இந்த வெளிச்சமான கோவிலைத்தான் என்பது சீரமைத்தவர்கள் வாதம். இருட்டில்தான் ஜன்னல் ஜொலித்தது என்பது எதிர்த்தவர்கள் வாதம். எனக்கு இரண்டு காலமும் தெரியும். முதல் தடவை அந்த இருட்டு நெஞ்சை அடைத்தது, இன்றும் அதை நினைத்தால் ஏக்கம்தான். ஆனால் கூரையின் நரம்புகள் எங்கே பிரிந்து எங்கே சேர்கின்றன என்று சீரமைத்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

கருப்பு மாதா விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. தூண் மாதா என்கிற அந்த 16-ஆம் நூற்றாண்டு மரச்சிலை கறுத்தது மெழுகுவர்த்திப் புகையால் என்று சொல்லி 2014-இல் பழைய வண்ணத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கருப்பு மாதா என்றே கும்பிட்டவர்களுக்கு அது வலித்தது. அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"ரெண்டு உலகப் போர் நடந்த நாட்டுல இந்தக் கண்ணாடி எப்படித் தப்பிச்சது?"

கழற்றி எடுத்து வைத்தார்கள். 1918-இல் ஒரு தடவை, 1939-இல் மறுபடி, ஒவ்வொரு பலகையாக இறக்கிப் பெட்டியில் அடுக்கிப் பத்திரமான இடத்துக்கு அனுப்பினார்கள். 1944 ஆகஸ்டில் கோபுரத்தில் ஜெர்மானியர் இருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அமெரிக்கப் படை சுடத் தயாரானபோது, வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல் தானே உள்ளே போய்ப் பார்த்து யாரும் இல்லை என்று சொல்லித் தடுத்தார் என்று சொல்கிறார்கள். அன்றைக்கே பக்கத்து ஊரான லேவில் சண்டையில் இறந்துபோனார்.

"நோத்ர்தாம் மாதிரி இங்கேயும் கூரை எரிஞ்சா?"

எரிந்து முடித்தாயிற்று. 1836-இல் பழைய மரக்கூரை முழுதும் சாம்பல், கல் வளைவு கீழே தாங்கிக்கொண்டதால் ஜன்னல்கள் தப்பின. அப்புறம் இரும்புச் சட்டம் போட்டுச் செம்புத் தகடு வேய்ந்தார்கள். தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிகிறதே, அது செம்பு களிம்பேறிய நிறம்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி. நிலவறை, கோபுரம் எல்லாம் முடியுமா?"

கோபுரம் வேண்டாம், குறுகலான சுழல்படி, நடுவில் திரும்பவும் முடியாது. நிலவறைக்குக் கைடோடு மட்டும்தான் விடுவார்கள், அதிலும் படிகள் உண்டு, வெளிச்சம் குறைவு. அம்மா மேலேயே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பார்க்கட்டும், நஷ்டம் ஒன்றும் இல்லை. பீடத்தைச் சுற்றிய கல் தடுப்பில் மாதா, இயேசு வாழ்க்கையை நாற்பது காட்சிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள், அது கண் மட்டத்திலிருந்து கொஞ்சம் மேலேதான், வயதானவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஜூன் 21 அன்னிக்கு ஒரு கதிர் வந்து ஒரு கல்லுல விழுமாமே. ரோஜா ஜன்னலை மடிச்சா தரை வட்டத்துல சரியா உட்காருமாமே. கைடு சொல்றதெல்லாம் நம்பலாமா?"

கதிர் விழுவது நிஜம். தெற்குக் கையில் ஒரு வெள்ளைக் கல் சாய்வாகப் பதித்திருக்கும், அதில் ஓர் உலோக முளை. கோடைச் சங்கிராந்தியை (வருடத்தின் மிக நீண்ட பகல்) ஒட்டி நண்பகலில் ஜன்னலில் இருக்கிற ஓட்டை வழியாக வெயில் அதில் விழும். ஆனால் அது இடைக்கால ரகசியம் ஒன்றும் இல்லை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த ஏற்பாடு. ரோஜா ஜன்னல் மடிகிற கதை கிட்டத்தட்டப் பொருந்தும், சரியாகப் பொருந்தாது. தரை சற்றே சரிவாக இருப்பது உள்ளே படுத்துறங்கிய யாத்திரிகர்கள் போன பிறகு கழுவிவிட என்றும் சொல்வார்கள், சரிவு இருப்பதை நீங்களே நடந்து பார்த்துக்கொள்ளலாம். கைடிடம் "இது ஆவணத்தில் இருக்கிறதா, சொல்லி வந்த கதையா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கைடு கோபிக்கமாட்டார், சந்தோஷப்படுவார்.

"திரும்பற ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்க்க?"

அரச வாசலில் பத்து நிமிடம், அரிஸ்டாட்டிலைத் தேடுங்கள். உள்ளே போய் நல்ல சமாரியனுக்கு முன்னால் இருபது நிமிடம், கீழேயிருந்து மேலே. அப்புறம் நீல மாதாவிடம் போய் நாற்காலி கிடைத்தால் உட்காருங்கள். மிச்ச நேரத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது எழுந்தால் போதும், நிலையத்துக்கு இறக்கம்தான்.